துள்ளாத ஊசி

அத்தியாயம் 9

லிஃப்ட் நின்றுவிட்டது.

சும்மா நிற்கவில்லை. மேலே எங்கோ ஒரு சக்கரம் கிறீச்சிட்டது, கூண்டு ஒரு குலுக்குக் குலுங்கியது, பல்பு அணைந்தது, அதற்கப்புறம்தான் நின்றது. மரச்சட்டம் அடித்த கதவுக்கு வெளியே செங்கல் சுவர். தலைக்கு மேலே ஆறாவது மாடித் தரையின் விளிம்பிலிருந்து ஒரு கோடு வெளிச்சம். காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை யோசிக்க நான் தயாராக இல்லை.

"மாதாவே!" என்று கத்தினேன்.

"கத்தாதே இர்மா. இங்க காத்து கம்மி" என்றார் பெக்கில்ஸ் அம்மா.

அதைக் கேட்டதும் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

கூண்டுக்குள் மூன்று பேரும் ஒரு சவப்பெட்டியும் இருந்தோம். பதற வேண்டாம், பெட்டிக்குள் பிணம் கிடையாது. இசைத்தட்டு சுழலும் இரண்டு டர்ன்டேபிள்களையும், நடுவில் பாட்டோடு பாட்டைக் கலக்கும் ஒரு மிக்ஸரையும் பதித்துவைத்த நீளப் பெட்டி அது. டி.ஜே.க்கள் அதைச் சவப்பெட்டி என்றுதான் சொல்கிறார்கள். வாயில் வேறு நல்ல வார்த்தையே வரவில்லையா என்று நான் எப்போதும் நினைப்பதுண்டு. அன்று மத்தியானம் உறுதியாகவே நினைத்தேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இர்மா சான்டோஸ். பிராங்ஸில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் யார் வீட்டுக் கட்டில் யார் வீட்டுக்குப் போனது என்பது எனக்குத் தெரியாமல் இருக்காது. தலைக்கு ஷாம்பு போட்டு விரலால் நாலு அழுத்து அழுத்தினால் பெண்கள் என்னவெல்லாம் சொல்வார்கள் என்பது போலீஸுக்குத் தெரிந்தால் லத்தியைத் தூக்கிப்போட்டுவிட்டு ஷாம்பு வாங்குவார்கள்.

என் பார்லருக்கு மேல்மாடியில் ஆபீஸ் போட்டிருக்கும் துப்பறிவாளர்தான் ஹார்டென்ஸ் பெக்கில்ஸ். பார்படோஸ் தீவிலிருந்து வந்தவர். பெரிய பல்பொருள் கடை ஒன்றில் வருஷக்கணக்காக ஒற்றர் வேலை பார்த்தவர். கோட்டுக்குள் ஃப்ரை பேன் ஒளித்துப் போகிற பெண்ணை நடையை வைத்தே பிடித்துவிடுவார். பெரிய உடம்பு, மக்கர் பண்ணும் முழங்கால், மழையோ வெயிலோ கையில் ஒரு குடை, வாயில் ஒரு பெப்பர்மிண்ட். நான் அவருடைய உதவியாளர். சம்பளம் கிடையாது. எனக்குக் கிடைப்பது விஷயம். அதைவிட வேறு சம்பளம் உண்டா?

மூன்றாவது ஆள், கென்னி வாஸ். இந்தப் பழைய தொப்பி ஃபேக்டரிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருக்கும் 'ஹேட்பாக்ஸ்' டிஸ்கோவின் டி.ஜே. பளபளக்கும் சாட்டின் ஜாக்கெட், சட்டையில் மூன்று பித்தான் திறப்பு, திறந்த இடத்தில் ஒரு சங்கிலி. இத்தனைக்கும் நவம்பர் மாதக் குளிர். மாலையில் வேனை எடுத்துக்கொண்டு மியாமிக்குக் கிளம்புகிறான். அங்கே ஒரு பெரிய கிளப்பில் வேலை கிடைத்துவிட்டதாம்.

"வேலை கேட்டு நான் போகல பெரியம்மா" என்று மேலே பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போதே பீற்றிக்கொண்டான். "போன மாசம் என்னோட டேப் ஒண்ணை அனுப்பிச்சேன். ஒரே டேப். மூஞ்சியைக்கூடப் பார்க்காம வாடான்னுட்டாங்க."

"பேசணும்னா கீழ போறப்ப பேசுங்க. வேன் காத்திருக்கு" என்றும் சொன்னான். அதனால்தான் நாங்களும் இந்தச் சரக்கு லிஃப்டில் ஏறினோம். ஏறியதும் பெக்கில்ஸ் அம்மா ஈரத்தை உதறுவது போலக் குடை நுனியால் தரையில் தட்டினார். கென்னி கதவைச் சாத்தினான். இரண்டு மூச்சு விடுவதற்குள் இப்படி.

"டேய் ஜிக்கி!" கென்னி கதவுச் சட்டத்தை ஓங்கி உதைத்தான். "தூங்கிட்டியாடா? சுவிட்சைப் போடு!"

ஜிக்கி என்பவன் அந்தக் கட்டடத்தின் காவல்காரன். அடித்தளத்தில் லிஃப்ட் மெயின் சுவிட்ச் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். பதில் வரவில்லை. எங்கள் குரலே கீழே போய், முட்டி, கிழிந்து, திரும்பி வந்தது.

கென்னி பையிலிருந்து விரல் அளவு டார்ச் ஒன்றை எடுத்து எரியவிட்டான். இருட்டில் இசைத்தட்டின் வரிகளைப் பார்த்து எங்கே பாட்டு தணிகிறது, எங்கே தாளம் மட்டும் வருகிறது என்று கண்டுபிடிக்க இவர்கள் எல்லோரும் வைத்திருப்பார்கள். அந்த வெளிச்சத்தில் அவன் நெற்றி மினுமினுத்தது. கூண்டுக்குள் அத்தனை குளிர், இவனுக்கு வேர்வை.

நான் லாமாரை நினைத்துக்கொண்டேன். இதைவிடச் சின்ன அறையில் அவன் ஐந்து நாளாக உட்கார்ந்திருக்கிறான்.

லாமார் பெட்டிஸும் ஹேட்பாக்ஸில் டி.ஜே.தான். கென்னி இறங்கியதும் ஏறுகிறவன். போன சனிக்கிழமை இரவு, கிளப் முதலாளி ஃபுஸ்கோவை யாரோ அவர் அறையிலேயே கண்ணாடிச் சாம்பல் கிண்ணத்தால் பின்மண்டையில் அடித்துவிட்டார்கள். மனிதர் இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. அவர் பக்கத்தில் மண்டியிட்டு, கையெல்லாம் ரத்தமாக இருந்தவன் லாமார். தூக்கிவிடப் போனேன் என்றான். யார் நம்புவார்கள்? நாளைக்குக் காலையில் கோர்ட். ஃபுஸ்கோ கண் திறக்காமலேயே போய்விட்டால் கொலை வழக்கு.

லாமாரின் மனைவி இவெட் தினமும் என் பார்லருக்கு வருகிறாள். முடி வெட்டிக்கொள்ள இல்லை. முடி உலர்த்தும் இயந்திரத்துக்கு அடியில் தலையைக் கொடுத்து உட்கார்ந்துகொள்வாள். அந்த இரைச்சலில் அழுதால் யாருக்கும் கேட்காது என்று நினைக்கிறாள். எங்களுக்கெல்லாம் கேட்காத மாதிரி நாங்களும் பத்திரிகை புரட்டுவோம்.

கென்னியை ஏன் போலீஸ் தொடவில்லை என்றால், பாட்டு நிற்கவில்லை. அடி விழுந்த நேரம் முழுக்க ஹேட்பாக்ஸில் ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு வழுக்கிக்கொண்டு போனது. ஆடும் தளத்துக்கு மேலே இருக்கும் டி.ஜே. கூண்டில் நின்று இரண்டு தட்டையும் ஒரு ஆள் இழுத்துப்பிடித்தால்தான் அது நடக்கும். நானூறு பேர் ஆடினார்கள். நானூறு பேரும் கென்னிக்குச் சாட்சி. ஆடியவர்களில் நானும் ஒருத்தி.

"தம்பி, நிக்கறதுதான் நிக்கறோம். ஒண்ணு கேக்கட்டா?" பெக்கில்ஸ் அம்மா சவப்பெட்டியின் மேல் சாவகாசமாக உட்கார்ந்தார். பெட்டி முனகியது.

"அது மேல உக்காராதீங்க!"

"என் முழங்காலுக்கு வேற நாற்காலி ஏது? இதைப் பாருங்க." கைப்பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். பத்து சென்ட் காசு. அதன் முதுகில் காய்ந்துபோன டேப் துண்டு ஒட்டியிருந்தது. "லாமார் சாமான்ல கிடைச்சது. இது எதுக்கு?"

கென்னி டார்ச்சை அடித்துப் பார்த்தான். அந்த மத்தியானத்தில் முதல் தடவையாகச் சிரித்தான்.

"ஊசித் தலையில ஒட்டற காசு. பாரம் இருந்தா ஊசி துள்ளாதாம். லாமார் பெரிய வித்வான் இல்ல? காசு ஒட்டித்தான் வாசிப்பான்."

"நீங்க எந்தக் காசு வைப்பீங்க?"

"நானா?" அவமானப்பட்டவன் மாதிரி நெஞ்சில் கை வைத்தான். "காசு வைக்கிறது கத்துக்குட்டிப் பசங்க வேலைம்மா. தட்டைச் சுரண்டிடும். என் தட்டு மேல ஊசி இறகு மாதிரி உக்காரும். கென்னி வாஸ் காசு ஒட்டினான்னு இந்த ஊர்ல எவனாவது ஒருத்தன் சொல்லட்டும், இந்தத் தொழிலையே விட்டுடறேன்."

"அப்ப மேடை கெட்டியா இருந்திருக்கும்."

"எங்க! ஃபுஸ்கோ ஒரு மகா கஞ்சன். சிமென்ட் தூண் வெச்சு கட்டுன்னு கெஞ்சினேன். பழைய தொப்பி ஃபேக்டரிப் பலகையை வெச்சு நாலு ஆணி அடிச்சுட்டான். கீழ எவனாவது தும்மினா மேல கிளாஸ் ஆடும். அந்தப் பலகை மேல நின்னு நான் வாசிச்சேன்னா அது வெறும் கை, வேற ஒண்ணுமில்ல."

ஆண்களிடம் அவர்கள் பெண்டாட்டியைப் பற்றிக் கேட்டால் ஒரு வரி வரும். அவர்கள் மெஷினைப் பற்றிக் கேட்டால் காவியம் வரும். எனக்குப் பயத்திலும் கொட்டாவி வந்தது.

"இர்மா, அந்தக் கதையைச் சொல்லு" என்றார் பெக்கில்ஸ் அம்மா.

"எந்தக் கதை?"

"வாரம் பூரா பார்லர்ல சொன்னியே, மாடி வரைக்கும் கேட்டுச்சு. ஹெக்டர் கதை."

சொல்லச் சொன்னால் நான் கிணற்றுக்குள் இருந்தாலும் சொல்வேன். ஏறக்குறைய கிணற்றுக்குள்தான் இருந்தேன்.

"அது வந்து, எங்க தெரு கறிக்கடை ஹெக்டர். ஆளைப் பார்த்தா மாட்டைத் தொங்கவிட்டிருக்கற கொக்கியே பயப்படும். ஃபுஸ்கோவுக்கு அடி விழுந்த ராத்திரி அவர் உசரக் குதிகால் ஷூ போட்டுட்டு வந்து ஒரு சுத்துச் சுத்தினாரு பாருங்க! யாரோ கீழ ஊத்தின பானத்துல வழுக்கி, நேரா போயி டி.ஜே. கூண்டுத் தூண்ல தோளால இடிச்சாரு. மொத்தக் கூண்டும் ஆடிப்போச்சு. விளிம்புல இருந்த கிளாஸ் எல்லாம் கலகலன்னு கொட்டுச்சு. ஒரு பொண்ணு தலை பூரா ஐஸ் கட்டி. நான்தான் பொறுக்கி எடுத்தேன், சும்மா சொல்லக் கூடாது, நல்ல முடி. ஆனா..."

"ஆனா?"

"ஆனா பாட்டு ஒரு இம்மி அசையலையே! தாளம் பாட்டுக்குப் போயிட்டே இருந்துச்சு. எல்லாரும் கூண்டைப் பார்த்துக் கை தட்டினோம். கென்னியோட கைன்னா கைதான்!"

ஒவ்வொரு தடவையும் கதையை அப்படித்தான் முடிப்பேன். இப்போதும் அப்படியே முடித்தேன். கென்னி இருட்டில் லேசாகத் தலை சாய்த்து அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டான்.

"அதான் சொன்னேனே" என்றான்.

பெக்கில்ஸ் அம்மா பெப்பர்மிண்டை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். அவர் மிட்டாயைப் பக்கம் மாற்றினால் யாருக்கோ கேடு.

"எங்க வீட்டுல ஒரு ரெக்கார்டு பிளேயர் இருக்கு தம்பி. ஞாயித்துக்கிழமை பக்திப் பாட்டு போடுவேன். அடுப்புல சாதம் வெந்துடுச்சான்னு பார்க்க நான் எந்திரிச்சு ரெண்டு எட்டு வெச்சா போதும், ஊசி அல்லேலூயாவிலேர்ந்து ஆமெனுக்குத் தாவிடும். அதனாலயே எங்க வீட்டுல ஜெபம் சீக்கிரம் முடிஞ்சுடும்."

"உங்க வீட்டு மெஷினும் இதுவும் ஒண்ணா?"

"அதைத்தானே தெரிஞ்சுக்கணும்." அவர் எழுந்தார். பெட்டியின் கொக்கிகளை விடுவித்து மூடியைத் தூக்கினார். கென்னி தடுக்கக் கை நீட்டினான், அதற்குள் அவர் குடை குறுக்கே வந்துவிட்டது. "திருட மாட்டேன். திருடறவங்களைப் பிடிக்கறதுதான் எனக்குப் பழக்கம்."

இரண்டு தட்டுகளும் டார்ச் வெளிச்சத்தில் கறுப்பாகப் பளபளத்தன. பெட்டி ஓரத்து அறையிலிருந்து ஒரு இசைத்தட்டை எடுத்து இடது பக்கத் தட்டில் வைத்தார். ஊசிக்கையைத் தூக்கி, குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி அதன் மேல் இறக்கினார்.

"இர்மா, குதி."

"என்னது?"

"குதி."

"பெக்கில்ஸம்மா, நாம அந்தரத்துல தொங்கறோம்!"

"தெரியும். குதி."

"கயிறு அறுந்துடும்!" கென்னி அலறினான். "பைத்தியமா உங்களுக்கு?"

"கயிறு டன் கணக்கா தொப்பி மூட்டையை இழுத்த கயிறு. இர்மாவுக்கு அறுந்தா இர்மாவுக்குத்தான் அவமானம்."

அதற்கப்புறம் குதிக்காமல் இருக்க முடியுமா? கண்ணை மூடி, மாதாவைக் கூப்பிட்டு, என் கட்டைக் குதிகால் செருப்போடு ஒரு குதி குதித்தேன். கூண்டு 'தம்'மென்றது. மேலே இருந்து தூசி பொழிந்தது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே இன்னொரு சத்தம்: க்ர்ர்ரிக்.

கண்ணைத் திறந்தேன். ஊசி இசைத்தட்டின் ஓரத்திலிருந்து நடுவுக்குப் போயிருந்தது. போன வழியில் ஒரு வெள்ளைக் கீறல்.

"ஹெக்டர் எத்தனை இர்மா இருப்பாரு?" என்று கேட்டார் பெக்கில்ஸ் அம்மா.

"ரெண்டு. வேணாம், ரெண்டரை. ஷூவோட."

"ரெண்டரை இர்மா வந்து தோளால இடிச்சும் ஊசி துள்ளல. காசும் ஒட்டல. கீழ சிமென்ட்டும் இல்ல. அப்ப என்ன தம்பி அர்த்தம்?"

கென்னி ஊசிக்கையைத் தூக்கி அதன் இடத்தில் மாட்டினான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும், பின்னால் நகர்ந்தேன். நகர இடமில்லை. முதுகில் செங்கல்.

நான் வாரம் முழுக்க, வருகிற தலைக்கெல்லாம் ஷாம்புவோடு சேர்த்துத் தேய்த்து அனுப்பிய கதை அது. கென்னி கூண்டில்தான் இருந்தான் என்பதற்கு என்னைவிடப் பெரிய பிரசாரகி கிடையாது. அதே கதைதான் அவன் அங்கே இல்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் காது கொடுத்துக் கேட்கவில்லை. என் கதையை நான் எங்கே கேட்கிறேன்!

"அன்னிக்கு ஊசியே தட்டு மேல இல்ல" என்றார் பெக்கில்ஸ் அம்மா. மிக்ஸரின் மேல் வரிசையாக இருந்த குமிழ்களை விரலால் தடவினார். "இது இடது தட்டுக்கு. இது வலது தட்டுக்கு. கடைசியில இருக்கறது மைக்குக்கு, மேலயே எழுதியிருக்கு. இது எதுக்கு?"

கென்னி குமிழைப் பார்க்காமல் மேலே இருந்த வெளிச்சக் கோட்டைப் பார்த்தான்.

"சொல்லுங்க தம்பி. மெஷினைப் பத்திக் கேட்டா இவ்வளவு நேரம் நல்லாத்தானே பேசினீங்க."

"டேப்புக்கு" என்றான் கென்னி. குரல் தரையிலிருந்து வந்தது.

"டேப் துள்ளாது, இல்ல? நாடா ஓடிட்டே இருக்கும். நீங்க முன்னாடி ஒரு நாள் வாசிச்சதையே திருப்பி ஓடவிட்டுட்டு, பின் கதவு வழியா ஃபுஸ்கோ அறைக்குப் போயிட்டு வரலாம். புகையிலயும் இருட்டுலயும் கூண்டுக் கண்ணாடிக்குப் பின்னாடி தலை இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? பாட்டுக்குத்தானே வந்திருக்காங்க."

"இதெல்லாம் பேச்சு" என்றான் கென்னி. "டேப் எங்க? காட்டுங்க பார்ப்போம்."

"புத்தி உள்ளவன் அதை அன்னிக்கே ஆத்துல போட்டிருப்பான். உங்களால முடியாது. ஏன்னா அது உங்க வாழ்க்கையிலேயே நல்லா வாசிச்ச ராத்திரி. மியாமிக்காரன் மூஞ்சியைப் பார்க்காம வான்னு சொன்ன டேப். அவங்களுக்குப் போனது நகல். அசலை நீங்க தூக்கிப்போட மாட்டீங்க. போன மாசமே அனுப்பிட்டேன்னு நீங்களே சொன்னீங்க. போன மாசம் பதிவான டேப்புல இருக்கற வரிசையும், போன சனிக்கிழமை நானூறு பேர் ஆடின வரிசையும் ஒண்ணா இருந்தா?"

"அது ஒண்ணா இல்லையான்னு எவனுக்கு ஞாபகம் இருக்கு?"

"எனக்கு" என்றேன்.

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. ஆனால் உண்மை. ஹெக்டர் விழுவதற்கு முன் எந்தப் பாட்டு, விழும்போது எது, ஐஸ் கட்டி பொறுக்கும்போது எது, எதற்குள் எது வழுக்கிக்கொண்டு வந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். அடுத்தவர்கள் சங்கதி ஒன்றையும் நான் மறந்ததில்லை.

கென்னியின் டார்ச் மெதுவாக நகர்ந்து, சவப்பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த பஞ்சு மெத்தையில் போய் நின்றது. அவன் அதை அங்கே கொண்டுபோகவில்லை. கை தானாகக் கொண்டுபோனது. பெக்கில்ஸ் அம்மா மூடியைப் படாரென்று சாத்தி, மறுபடியும் அதன் மேல் உட்கார்ந்தார்.

"எந்திரி" என்றான் கென்னி.

"முழங்கால் தம்பி."

"எந்திரிடி கிழவி!"

கதவின் குறுக்குக் கம்பியை உருவிவிட்டான். கனமான இரும்பு. கதவு தானாகக் கொஞ்சம் விலகியது. கூண்டுக்கும் சுவருக்கும் நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி தெரிந்தது. ஆள் நுழைகிற இடைவெளி. அங்கிருந்து சில்லென்று காற்று வந்து என் கணுக்காலை நக்கியது.

"இங்க யாரு இருக்கா?" என்றான். மூச்சு வாங்கியது. "லிஃப்ட் நின்னு போச்சு. ரெண்டு பொம்பளைங்க பயந்து கதவைத் திறந்தாங்க, விழுந்துட்டாங்க. நான் என்ன பண்ண முடியும்? நான் தடுத்தேன். கேக்கல."

நான் கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. என் வாழ்க்கையில் வாய் வேலை செய்ய மறுத்தது அன்றுதான்.

"ஃபுஸ்கோ என்ன சொன்னாரு?" பெக்கில்ஸ் அம்மா பஸ்ஸுக்குக் காத்திருக்கிற குரலில் கேட்டார். "எதுக்கு அடிச்சேன்னாவது தெரிஞ்சுட்டு விழறோம்."

"சனிக்கிழமை ராத்திரியை லாமாருக்குக் குடுக்கறேன்னான்." கம்பி அவன் கையில் ஆடியது. "நான் அந்தக் கூண்டை நின்னு உருவாக்கினேன். கூட்டமே வராத காலத்துலேர்ந்து நான் வாசிச்சேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நிம்மதியா பேசிப் பார்ப்போம்னு டேப்பைப் போட்டுட்டுப் போனேன். சிரிக்கறான்மா அவன்! 'கேளு, நீ இங்க நிக்கற, உன் பாட்டு அங்க ஓடுது. அப்புறம் நீ எதுக்குடா எனக்கு? நீ பாட்டுப் போடறே, லாமார் ஆட வைக்கிறான்'னு சொல்லிட்டுத் திரும்பிட்டான். முதுகைக் காட்டிட்டு ஃபோனை எடுக்கறான். யாரைக் கூப்பிட? லாமாரை! காசு ஒட்டற பயலை! சாம்பல் கிண்ணம் கையில இருந்துச்சு. அடிச்சேன். ஆமா, நான்தான் அடிச்சேன். இப்ப எந்திரி!"

"நன்றி கென்னி" என்றது ஒரு குரல். "நல்லா கேட்டுச்சு."

அந்தக் குரல் எங்கள் காலுக்கு நேர் கீழே இருந்து வந்தது.

கென்னி தன் செருப்பையே பேயைப் பார்ப்பது போலப் பார்த்தான். பெக்கில்ஸ் அம்மாவின் குடைக் கொக்கி அவன் மணிக்கட்டில் விழுந்தது. கம்பி கீழே விழுந்து உருண்டது. அதே நேரம் பல்பு எரிந்தது, சக்கரம் கிறீச்சிட்டது, கூண்டு இறங்கியது. இறங்கியது என்றுகூடச் சொல்ல முடியாது. ஓர் ஆள் உயரம்தான். ஐந்தாவது மாடியின் கதவு எங்கள் எதிரே வந்து நின்றது.

அங்கே ஒரு பழைய தொப்பி அலமாரி மேல் சார்ஜண்ட் மொராஹன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவன் கையில் பென்சில், இன்னொருவன் கையில் விலங்கு.

இவ்வளவு நேரமும் நாங்கள் தொங்கிக்கொண்டிருந்தது பாதாளத்தின் மேல் இல்லை. மூன்று போலீஸ்காரர்களின் மண்டைக்கு மேல்.

கென்னி முரண்டு பிடிக்கவில்லை. விலங்கு மாட்டும்போது ஒன்றுதான் கேட்டான். "அந்த டேப்பை வெயில்ல வெக்காதீங்க சார். கெட்டுடும்."

அவர்கள் போனதும் நான் திரும்பினேன்.

"குடை" என்றேன்.

"என்ன குடை?"

"ஏறினதும் தரையில தட்டினீங்களே, ஈரத்தை உதறற மாதிரி. இன்னிக்கு மழையே இல்லையே! அது ஜிக்கிக்குச் சைகை! சுவிட்சை அணைக்கச் சொன்னதே நீங்கதான்!"

"இப்பத்தான் உதவியாளர் மாதிரி பேசற."

"என்கிட்ட ஏன் சொல்லல? நான் செத்துப் பொழைச்சேன்!"

"உன்கிட்ட நேத்து சொல்லியிருந்தா கென்னி இன்னிக்கு மியாமியில இருந்திருப்பான்" என்றார் பெக்கில்ஸ் அம்மா. "தவிர, நீ நிஜமா கத்தினதாலதான் அவன் நிஜமா மாட்டிக்கிட்டோம்னு நம்பினான். அந்த மாதிரி கத்தறதுக்கு நடிகைக்குச் சம்பளம் குடுக்கணும்."

எனக்கும்தான் கொடுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் ஐந்தாவது மாடி நடைக்கோடியைக் குடையால் காட்டினார். அங்கே சுவரில் ஒரு பொதுத் தொலைபேசி.

"இவெட் உன் பார்லர்லதானே இருப்பா?"

"எப்பவும் போல. மெஷினுக்கு அடியில."

"போ. இந்தத் தடவை நீ யார்கிட்ட வேணா, எவ்வளவு வேணா சொல்லலாம். ஆனா அவகிட்ட முதல்ல சொல்லு."

உள்ளங்கையில் ஒரு காசை வைத்தார். ஓடினேன். ரிசீவரை எடுத்தேன். காசைப் போடப் போகும்போது விரலில் ஏதோ பிசுபிசுத்தது. காய்ந்த டேப் துண்டு.

காசைப் பார்த்தேன். ரிசீவரை மாட்டிவிட்டுத் திரும்பி வந்தேன்.

"என்னம்மா, எண் மறந்துபோச்சா?" என்றார் சார்ஜண்ட் மொராஹன். சவப்பெட்டியை லிஃப்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

"சார்ஜண்ட், ஒரு பத்து சென்ட் கடன் குடுங்க" என்றேன். "இது லாமாரோட காசு, போட முடியாது. இதுக்குச் சனிக்கிழமை வேலை இருக்கு."